வேலிக்கு வெளியே ஒரு வெள்ளிவிழா

1

லண்டனில் நம்மவருக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்தால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. விழா மண்டபமாக ஒரு ஹோல் பிடிக்க வேண்டும். முந்நூறு பேரைக் கூப்பிட வேண்டும். பழைய மாப்பிள்ளைக்குப் புதுக் கோட்டு வாங்கி, பழைய பொம்பிளையை மறுபடியும் மணப்பொம்பிளையாக்கி, புகை கக்கும் ஒரு மெஷினுக்கு நடுவே இருவரையும் நடக்கவிட வேண்டும். போன வருடம் பார்க்கிங் என்ற ஊரில் நடந்த ஒரு வெள்ளிவிழாவில் மாப்பிள்ளை அந்தப் புகைக்குள் இருமத் தொடங்கியவர், கேக் வெட்டி முடியும் வரைக்கும் இருமினார். வீடியோக்காரர் அதற்கும் பின்னணி இசை போட்டுக் கொடுத்தார்.

எங்கள் முறை இந்த ஜூலையில் வந்தது. நான் கோட்டுக்கு அளவு கொடுக்கத் தயாராக இருந்தேன். என் மனைவி புளோறாதான் குழப்பினாள்.

"எனக்கு ஹோல் வேண்டாம். டென்ட் வேணும்."

"ஹோலுக்குள்ளை டென்டோ?"

"பகிடி விடாதேங்கோ. லிண்டா ஒவ்வொரு சமரும் காரிலை டென்ட் போட்டுக்கொண்டு யூரோப் முழுக்கச் சுத்துறாள். நானும் போகோணும்."

லிண்டா, புளோறா வேலை செய்யும் பிளேஸ்டோ பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்குப் பகுதிக்குப் பொறுப்பானவள். அவளுக்கும் எனக்கும் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இது அவளுக்குத் தெரியாது.

"உமக்குத் தெரியுமோ, நான் யூரோப் எல்லாம் பாத்து முடிச்சவன்" என்றேன். "ஏழு நாடு."

இந்த ஏழு நாட்டுக் கதை எங்கள் வட்டாரத்தில் பிரபலம். முப்பது வருடத்துக்கு முன் நான் லண்டன் வந்த வழி அது. ஏழு நாட்டையும் லொறியின் பின்பெட்டிக்குள் படுத்தபடி கடந்தேன். லொறிப் பெட்டிக்கு ஜன்னல் கிடையாது. ஆகவே எந்த நாடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, எந்த நாடு எப்படி மணக்கும் என்று சொல்லுவேன். ஒரு நாடு முட்டைக்கோவா மணம். ஒரு நாடு ஈரச் சிமெந்து. ஒரு நாடு முழுக்க என் பக்கத்தில் படுத்திருந்தவரின் சப்பாத்து. இதைப் பிறந்தநாள், பிள்ளைகளின் புதுநன்மை விருந்து, வீடு குடிபூரல் எல்லாவற்றிலும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை செத்த வீட்டிலும் சொல்லி, அழுதுகொண்டிருந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

புளோறா சிரிக்கவில்லை. "நீங்கள் ஏழு நாடு மணந்தனீங்கள். நான் கலியாணம் கட்டி நேரே பிளேனிலை வந்து இறங்கினனான். அந்த ஏழிலை ஒண்டையாவது ரெண்டு பேரும் கண்ணாலை பாப்பம். இருபத்தைஞ்சு வருஷம் நிறையிற நாள் காலமை ஒரு ஏரிக்கரையிலை, டென்டுக்குள்ளை, ரெண்டு பேரும் ஒண்டா எழும்போணும். வேறை ஒண்டும் கேக்கேல்லை. நகை கேக்கேல்லை, சாறி கேக்கேல்லை."

இருபத்தைந்து வருடத்தில் அவள் ஒன்றை இவ்வளவு விவரமாகக் கேட்டது இல்லை. நான் ஓம் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, என் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தேன். ஆகியிருந்தால் நன்றாயிருக்கும் என்ற நப்பாசை. இன்னும் நான்கு வருடம் இருந்தது.

2

ஆயத்தங்களில் வேலைப் பிரிவினை இருந்தது. புளோறா கூடாரம், காஸ் அடுப்பு, மடக்குக் கதிரை, தூங்கும் பைகள் பார்த்தாள். நான் ஃபைல் பார்த்தேன்.

இந்த ஃபைலைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அகதியாக வந்தவன் வீட்டில் எதையும் எறிவான், கடிதம் எறியமாட்டான். நான் இந்த நாட்டுப் பிரஜை ஆகி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் முதன்முதலில் என்னை "இருக்கலாம், பார்ப்போம்" என்று சொன்ன கடிதம் தொடக்கம், கவுன்சில் வரி ரசீதுகள், தண்ணீர் பில், எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி நான் நல்லவன் என்று எழுதித் தந்த கடிதம் வரை எல்லாம் ஒரு நீல ஃபைலில் இருக்கிறது. தூக்கினால் ஒரு கைக்குழந்தையின் பாரம்.

மகள் அனுஷா அதைக் கண்டுவிட்டாள். இருபத்து மூன்று வயது. அவளுக்கும் எனக்கும் இடையில் மொழி எப்படி ஓடுகிறது என்றால், நான் தமிழில் போடுவேன், அவள் ஆங்கிலத்தில் எடுப்பாள், "அப்பா" மட்டும் இரு பக்கத்துக்கும் பொது.

"அப்பா, ஒய் ஆர் யூ டேக்கிங் த வாட்டர் பில் டு ஆஸ்ட்ரியா?"

"கேட்டால் காட்டத்தான்."

"ஹூ இஸ் கோயிங் டு ஆஸ்க்?"

நான் தண்ணீர் பில்லைத் திரும்ப ஃபைலுக்குள் செருகினேன். அவள் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை தொலைத்தவள். ஒரு தடவை நடனக் களியாட்ட இடமொன்றில், இன்னொரு தடவை எங்கே என்று இன்றுவரை தெரியாது. இரண்டு தடவையும் போனில் எதையோ தட்டி, சில நாட்களில் புதியது எடுத்துவிட்டாள். அந்த நாட்களிலும் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். நான்தான் சாப்பிடவில்லை.

அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தாஸ் அண்ணை வெள்ளிவிழாப் பரிசாக நாற்பது மட்டன் ரோல்ஸ் பொரித்துத் தந்தார். "றோட்டிலை எங்கை தம்பி சோறு கிடைக்கப் போகுது? வைச்சுச் சாப்பிடுங்கோ" என்று பெட்டியைக் காருக்குள் அவரே ஏற்றினார். ஏற்றும்போது, இப்போது எல்லையில் கைரேகையும் எடுக்கிறார்களாமே என்று ஒரு வார்த்தையும் சேர்த்து ஏற்றினார். ரோல்ஸ் சூடாக இருந்தது. எனக்குத்தான் குளிர் எடுத்தது.

3

கார் ஓட்டியது புளோறா. எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் வலப்பக்கம் ஓடும் நாடுகளில் ஓட்டுவதற்கு வேண்டிய மனம் என்னிடம் இல்லை என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தோம். ஆகவே நான் பக்கத்தில் இருந்து பயப்படுவது என்று முடிவானது.

டோவர் துறைமுகத்துக்கு அரை மணி இருக்கும்போது தாஸ் அண்ணை போன் அடித்தார்.

"தம்பி, ரோல்ஸ் சாப்பிட்டிட்டியளோ?"

"ரெண்டு சாப்பிட்டம் அண்ணை. நல்லாயிருக்கு."

"மிச்சத்தையும் சாப்பிடுங்கோ. இறைச்சி அங்காலை கொண்டுபோக விடாங்களாம். இப்பதான் கடைக்கு வந்த ஆள் ஒருத்தர் சொன்னவர்."

முப்பத்தெட்டு ரோல்ஸ். நான் உடனே காரைத் திருப்பச் சொன்னேன். புளோறா துறைமுகத்துக்கு முந்திய ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினாள். நாங்கள் ஆளுக்கு நான்கு சாப்பிட்டோம். ஐந்தாவதைக் கடித்தபடி அவள் அங்கே வரிசையாக நின்ற லொறிகளைக் காட்டினாள்.

"அவங்களுக்குக் குடுங்கோ."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லொறி லொறியாகப் போனேன். போலந்து, ருமேனியா, எங்கிருந்தெல்லாமோ வந்த சாரதிமார். முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு கடித்தார்கள். ஒருவர் கீழே இறங்கி வந்து இன்னும் இரண்டு எடுத்தார். உறைப்பில் அவருக்குக் கண் கலங்கியது. கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பது வருடத்துக்கு முன் அவருடைய தொழிலைச் செய்த யாரோ ஒருவர் தமக்கே தெரியாமல் என்னைச் சுமந்துகொண்டு இதே கடலைக் கடந்தார். அவருக்கு ஒரு ரோல்ஸ் கொடுக்க எனக்கு இத்தனை காலம் எடுத்தது.

கப்பல் ஏறும் முன், டோவரிலேயே பிரெஞ்சுக்காரர் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெடியன், அனுஷாவின் வயது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் ஃபைலைத் திறந்து, கூடார இட முன்பதிவு, கார்க் காப்புறுதி, சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு, தண்ணீர் பில் எல்லாவற்றையும் புளோறாவின் மடிக்கு மேலால் நீட்டினேன்.

"ஹொலிடே" என்றாள் புளோறா, ஒரே சொல்லில்.

அவன் முத்திரை குத்தினான். டக், டக். என் ஃபைலைத் தொடவே இல்லை. கைரேகையும் கேட்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் மரியாதைக் குறைவாகவும் இருந்தது.

4

பெல்ஜியத்தில் முதல் முகாம் நன்றாகப் போனது. அங்கே பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்துவிட்டு உடனே தந்துவிட்டார்கள். கூடாரத்தை நாங்கள் கட்டிய விதத்தைப் பார்த்து பக்கத்து டச்சுக் குடும்பம் முதலில் சிரித்தது, பிறகு உதவிக்கு வந்தது, முடிவில் எங்களை ஓரமாக இருத்திவிட்டுத் தாங்களே கட்டியது. விறைத்த கழுத்தோடு நான் காலையில் எழும்பினேன். புளோறா அதற்கு முதலே எழும்பி, மடக்குக் கதிரையில் கோப்பியோடு இருந்தாள். கோப்பி விளம்பரத்தில் வரும் ஆள் மாதிரி முகம்.

ஜெர்மனியில்தான் சனியன் பிடித்தது. முகாம் வரவேற்பு மேசையில் இருந்தவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பித் தராமல் மேசை லாச்சிக்குள் போடப் போனார். போகும்போது தருவார்களாம். அதுதான் அவர்களுடைய வழக்கமாம்.

என் கை எப்படி அந்த மேசையைத் தாண்டிப் போனது என்று எனக்குத் தெரியாது. லாச்சி மூடும் முன்பு இரண்டையும் பறித்துவிட்டேன். பறித்துக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், எங்களுக்கு ஓர் அவசரச் செய்தி வந்திருக்கிறது, போக வேண்டும் என்றேன்.

"என்ன அவசரம்?" என்று காருக்குள் புளோறா கேட்டாள்.

"வயித்துக் குத்து."

"அதுக்கு அங்கை டொய்லட் இருந்தது."

அன்று பெருந்தெருவோரம் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்துத் தங்கினோம். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். காலையில் கார்க் கதவைத் திறக்கும்போது மட்டும் ஒரு வசனம் சொன்னாள். "ஏரியிலையும் இந்தக் கூத்து ஆடினால் நான் தனிய இறங்குவன்."

நான் சிரித்தேன். இருபத்தைந்து வருடத்தில் அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

5

ஆஸ்திரியா என் ஏழு நாட்டில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன். ஈரச் சிமெந்து நாடு. கண்ணால் பார்த்தபோது சிமெந்து எங்கும் இல்லை. மலை, மலைக்குக் கீழே ஏரி, ஏரிக்குள்ளும் தலைகீழாக அதே மலை. புளோறா காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்கண்ணாடிப் பக்கம் சாய்ந்து பார்த்தாள்.

"இதைத்தான் நீங்கள் நித்திரையிலை தாண்டினனீங்கள்."

"நித்திரை கொள்ளேல்லை. சப்பாத்து மணத்துக்கு எப்பிடி நித்திரை வரும்?"

அந்த முகாமில் எங்களுக்கு மூன்று இரவுக்கு இடம் பதிந்திருந்தது. மூன்றாவது இரவு விடிந்தால் வெள்ளிவிழா நாள். வரவேற்பு மேசையில் இங்கிரிட் என்று ஒரு அம்மா. அறுபது வயது இருக்கும், வெள்ளைக் கட்டை மயிர், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும் சங்கிலி. அவருக்குப் பின்னால் சுவரில் மரத்தால் செய்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். ஒவ்வொரு அறைக்குள்ளும் பாஸ்போர்ட்டுகள் செருகியிருந்தன. சிவப்பு, நீலம், பச்சை.

"பாஸ்போர்ட், ப்ளீஸ்" என்று கையை நீட்டினார்.

புளோறா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் தன் கைப்பையைத் திறந்து தன்னுடையதை எடுத்து மேசையில் வைத்தாள். இங்கிரிட் அதை நாற்பத்தொன்றாம் அறைக்குள் செருகிவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்கள், என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

அந்த நேரம் என் வாயில் வந்ததை நான் சொல்கிறேன், சிரிக்க வேண்டாம்.

"ஐ ஆம் நொட் ஸ்டேயிங். ஐ ஆம் ஒன்லி த டிரைவர்."

புளோறாவின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. வந்த வழியெல்லாம் ஒரு அடிகூடக் கார் ஓட்டாத டிரைவரை அவள் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு இங்கிரிட்டிடம், "யெஸ். ஒன்லி த டிரைவர்" என்று சொல்லிவிட்டு, கூடாரப் பையை என்னிடம் தராமல் தானே தூக்கிக்கொண்டு தடையைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

டிரைவர்மாருக்கு உள்ளே இடமில்லை. வேலிக்கு வெளியே கார் நிறுத்துமிடம் இருந்தது.

6

கோபம் எவ்வளவு இருந்தாலும் புளோறாவுக்கு மனம் கேட்கவில்லை என்பதற்கு ஒரு அத்தாட்சி இருக்கிறது. ஏரிப்பக்கம் நல்ல நல்ல இடமெல்லாம் காட்டியும், அவள் கூடாரத்தை வேலியோரமாகவே அடித்தாள். கம்பி வேலி, இடுப்பு உயரம். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் கார், காருக்குள் நான். நடுவில் பத்தடி.

இப்படியே இரண்டு இரவு போனது. பகலில் எங்கள் குடும்பம் வேலிக்கு மேலால் நடந்தது. காஸ் அடுப்பு காரோடு வெளியே இருந்தபடியால் நான் தேத்தண்ணி ஊற்றி வேலிக்கு மேலால் கொடுப்பேன். அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெறுங் கோப்பையைத் திருப்பித் தருவாள். டின் மீன் கறி இந்தப் பக்கம் சமைத்து அந்தப் பக்கம் போகும். நாய் கூட்டிக்கொண்டு நடக்கும் ஜெர்மன்காரர் எங்களுக்கு வணக்கம் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அனுஷா வீடியோவில் வந்தாள். புளோறா போனைத் தன் பக்கம் காட்டினாள், பிறகு என் பக்கம் திருப்பினாள்.

"ஒய் இஸ் தெயர் எ ஃபென்ஸ்?"

"உன்ரை அப்பாவிட்டைக் கேள்."

சொன்னேன். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "அப்பா. இட்ஸ் ஜஸ்ட் எ பாஸ்போர்ட்."

உண்மைதான். அவளுக்கு அது வெறும் பாஸ்போர்ட். அப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அதை அந்த நேரம் அவளுக்குச் சொல்லும் ஆங்கிலம் என்னிடம் இருக்கவில்லை.

இரண்டாம் இரவு கழிந்த அன்று பின்னேரம், அதாவது வெள்ளிவிழாவுக்கு முதல் நாள், புளோறா ஒரு முகத்தோடு வேலிக்கு வந்தாள். சிரிப்பை அடக்கும் முகம். அடக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"இங்கிரிட் என்னைக் கூப்பிட்டவ. கதவை மூடிப்போட்டு மெதுவாய்க் கேக்கிறா, உங்கடை டிரைவர் விடிய விடிய உங்கடை டென்டையே பாத்துக்கொண்டு இருக்கிறான், பயமாயிருந்தால் சொல்லுங்கோ, பொலிசுக்கு அடிக்கிறன் எண்டு."

"ஐயோ. நீர் என்ன சொன்னனீர்?"

"இருபத்தைஞ்சு வருஷமாய் இப்பிடித்தான் பாக்கிறார், எனக்குப் பழகிப் போச்சுது எண்டன்."

பொலிஸ் என்ற சொல்லில் என் கால் ஏற்கெனவே கார்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஃபைலை எடுக்க. அவள் என் சட்டையை வேலிக்கு மேலால் பிடித்தாள்.

"நில்லுங்கோ. எல்லாம் சொல்லிப்போட்டன், கட்டின மனிசன் எண்டும் சொல்லிப்போட்டன். அவ சிரிச்ச சிரிப்பு ஏரிக்கு அங்காலை கேட்டிருக்கும். ஒரு டென்டுக்கு ஒரு பாஸ்போர்ட் போதுமாம். என்ரை கிடக்குது. நீங்கள் உங்கடையைப் பொக்கெற்றுக்குள்ளையே வைச்சுக்கொண்டு, ஒருக்காக் காட்டிப் பேரைப் பதிஞ்சுபோட்டு உள்ளை வரலாமாம். வாங்கோ."

இரண்டு இரவு காரில் முதுகு ஒடியப் படுத்தது ஒன்றுமில்லாத ஒன்றுக்கு. கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அப்படியே நின்றேன்.

"என்ன? இன்னும் என்ன?"

"உம்மடை அங்கை கிடக்குதே" என்றேன்.

"கிடக்கட்டும். எனக்குப் பயமில்லை."

"எனக்கு இருக்குது. என்ரை பாஸ்போர்ட் பொக்கெற்றுக்குள்ளை இருந்தும் எனக்குப் பயம் போகேல்லை. ரெண்டு நாளும் நான் உம்மடை டென்டைப் பாக்கேல்லை. அந்த ஒபிசைத்தான் பாத்தனான். ஆர் உள்ளை போகினம், ஆர் வெளியிலை வருகினம் எண்டு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "களவாய் ஆக்களை அனுப்பின அந்த ஏஜென்சிக்காரனோ? பதினாலு பேரின்ரை பாஸ்போர்ட்டையும் ஷொப்பிங் பையிலை போட்டுக்கொண்டு, நாளைக்கு வாறன் எண்டு போனானே. அதை நீங்கள் நூறு தரம் சொல்லிப்போட்டியள். நாங்கள் இன்னும் நாளைக்காகத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டு முடிப்பியள். எல்லாரும் சிரிப்பினம்."

"ஓம். ஒரு துண்டு விட்டுத்தான் சொல்லுறனான்."

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். புளோறாவுக்குச் சொல்லிவிட்டேன், இனி உங்களுக்குச் சொல்வதில் என்ன. லண்டன் வரும் வழியில் எங்களை வைத்திருந்த ஒரு குளிர் வீட்டில் பதினான்கு பேர் இருந்தோம். பாஸ்போர்ட்டைத் தர ஒருவரும் விரும்பவில்லை. ஏஜென்சிக்காரன் என்னைத் தனியே கூப்பிட்டு, தம்பி, உன்ரை சொல்லை எல்லாரும் கேக்கினம், நீ வாங்கித் தா என்றான். நான்தான் அந்த வீட்டுப் பகிடிக்காரன். ஒவ்வொருவரிடமும் போய், "தாங்கோ அண்ணை, உங்கடை போட்டோவைப் பாத்தால் அவனே பயந்து திருப்பித் தந்திடுவான்" என்று சிரிப்புக் காட்டி, நான்தான் சேர்த்தேன். பையைக் கட்டிக் கொடுத்தது இந்தக் கை. பதினான்கில் இரண்டு பேரைப் பிறகு எல்லையில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கையில் ஒரு அத்தாட்சியும் இல்லாத ஆட்கள். ஒருவர் பசியில் இருந்த எனக்குத் தன் பாண் துண்டைப் பிய்த்துத் தந்தவர். அவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயம்.

இதைச் சொல்லி முடிக்கும்வரை நான் ஒரு பகிடியும் விடவில்லை. எனக்கே என் குரல் பழக்கமில்லாமல் இருந்தது.

புளோறா வேலிக் கம்பியில் இருந்த என் கைக்கு மேல் தன் கையை வைத்தாள். சரி என்றோ, உங்களில் பிழையில்லை என்றோ அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். "எத்தினை வயசு உங்களுக்கு அப்ப?" என்று கேட்டாள்.

"இருபத்திரெண்டு."

"அனுஷாவிலும் ஒரு வயசு குறைய" என்றாள்.

அனுஷாவை நினைத்தேன். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு, எங்கே என்று தெரியாமல் தோளைக் குலுக்கும் அந்தப் பிள்ளையிடம் யாராவது பதினான்கு பேரின் பையைக் கொடுத்தால்? இந்தக் கேள்வி எனக்கு முப்பது வருடத்தில் வந்ததில்லை.

7

இங்கிரிட் மேசையை மூடும் நேரம். நான் போய் நின்றதும் அவருக்கு வாய் துடித்தது, அடக்கிக்கொண்டார். "ஆ, த டிரைவர்" என்றார்.

என் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் கையை ஆட்டினார். தேவையில்லை, ஒன்று இருக்கிறது, காட்டினால் போதும் என்றார்.

"மை வைஃப் பாஸ்போர்ட், கிவ் மீ. திஸ் ஒன், யூ கீப்."

அவருக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றல்ல என்றேன். இன்னும் விளக்கம் கேட்டால் என்னிடம் ஆங்கிலமும் இல்லை, ஜெர்மனும் இல்லை, தமிழும் அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. நல்ல காலம், அவர் கேட்கவில்லை. ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். திரும்பி, நாற்பத்தொன்றாம் அறையிலிருந்து புளோறாவுடையதை எடுத்து என்னிடம் தந்தார். என்னுடையதை அந்த இடத்தில் செருகினார்.

செருகும்போது என் வலது கை கொஞ்சம் முன்னுக்குப் போனது. இடது கையால் பிடித்து நிறுத்தினேன். ரசீது ஒன்று தர முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு துண்டுக் கடதாசியில் 41 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முகாமின் றப்பர் முத்திரையையும் எடுத்து டக் என்று குத்தித் தந்தார். அது இப்போது என் நீல ஃபைலில், பங்குச் சுவாமியின் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உள்ளே போய்ப் புளோறாவின் கையில் அவளுடைய பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து பார்த்தாள், மூடினாள், கைப்பைக்குள் போட்டாள்.

"உங்கடை?"

"அங்கை."

"ஐயோ, என்னப்பா. நித்திரை கொள்ளுவியளோ?"

"கொள்ள மாட்டன்" என்றேன். கொள்ளவும் இல்லை. ஆனால் கூடாரத்துக்குள் கிடந்து கொள்ளாமல் இருந்தேன். அதுவும் கணக்கில் வரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் விடியும்போது நாங்கள் இருவரும் ஒரே கூடாரத்துக்குள் கண் திறந்தோம். அவள் கண் திறந்தாள், நான் ஏற்கெனவே திறந்திருந்தேன். காற்றுப் போன என் மெத்தையிலிருந்து என்னை எழுப்ப அவள் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. இழுத்த வேகத்தில் கூடாரத்தின் ஒரு தடி கழன்று துணி எங்கள் தலைமேல் விழுந்தது. வெள்ளிவிழா வாழ்த்துகளை அந்தத் துணிக்குள் நின்றபடி சொல்லிக்கொண்டோம். புகை மெஷின் மட்டும்தான் குறை.

இங்கிரிட்டின் மேசை எட்டு மணிக்குத் திறக்கும். எட்டு அடிக்கும்போது அந்தக் கதவடியில் முதல் ஆளாக நிற்பது என்று இரவு முழுக்க நான் தீர்மானித்திருந்தேன். அதுவரை நேரம் போக்க, புளோறாவோடு ஏரிக்கரைக்குப் போனேன். அவள் பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். நானும் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். ஐஸ் தண்ணீர். நான் கத்திய கத்தலில் அந்தப் பக்கம் ஒரு வாத்து எழும்பிப் பறந்தது. அவள் தண்ணீரை அள்ளி என்மேல் எறிந்தாள். நான் திருப்பி எறிந்தேன். இந்த வயதில் செய்யக்கூடாத வேலை, பக்கத்தில் நம்மவர் ஒருவரும் இல்லை. பிறகு ஒரு வழுக்குக் கல்லில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, மலை உச்சியில் வெயில் இறங்கி வருவதைப் பார்த்தோம். முழு மலையும் வெளிச்சமானது.

"மணி என்ன?" என்று அவள் கேட்டபோதுதான் பார்த்தேன்.

எட்டேகால்.

பிறகு நான் அந்த ஈரக் காற்சட்டையோடு, ஒரு செருப்பை விட்டுவிட்டு, ஆட்கள் பார்க்க ஓடிய ஓட்டம் வேறு கதை. ஆனால் அந்தக் கால் மணித்தியாலம் என் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் இருக்கவில்லை.